ரோசரியின் மின்வெட்டு டேப்

புதுக்கோட்டை ரோட்டில், விமான நிலையத்தைத் தாண்டி இருந்த திரிசிரபுரம் குழாய்த் தொழிலகத்தை ஊரில் யாரும் அந்தப் பெயரால் அழைத்ததில்லை. பைப் கம்பெனி என்று சொன்னால்தான் பஸ் கண்டக்டருக்கே புரியும். அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் 1972-இல், மிஷினுக்குக் கொடுக்கும் விவரங்களை அட்டையில் துளைகளாகப் பதியும் கார்டு துளையிடும் வேலைக்குச் சேர்ந்தார் ரோசரி. மேலப்புதூரில் வீடு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறியிருந்தார். அதற்கு மேல் எந்தப் படிப்பும் கிடையாது.

பஞ்ச் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் துளையிட்ட கார்டை இன்னொருவர் நம்பவே கூடாது. ஒருவர் தாளைப் பார்த்து உரக்க வாசிப்பார், மற்றவர் கார்டில் இருப்பதைச் சரிபார்த்து "ம்" சொல்வார். ஓர் எழுத்து பிசகினாலும் கார்டு குப்பைக்குப் போகும். ரோசரியும் கே.கே. நகரிலிருந்து வரும் வஹீதாவும் பன்னிரண்டு வருஷம் இப்படி வாசித்து வாசித்தே சிநேகிதிகள் ஆனவர்கள். "என் புருஷன் குரலைவிட உன் குரலைத்தான் அதிகம் கேட்டிருக்கேன்" என்பார் வஹீதா.

துளையிடும் கார்டுகள் உள்ளே போய் என்ன ஆகின்றன என்ற கேள்வி மற்றவர்களுக்கு வரவில்லை, ரோசரிக்கு வந்தது. வேண்டாமென்று ஒதுக்கிய பிரிண்ட் அவுட்களைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆபீஸ் அலமாரியில் தூங்கிய கையேடுகளை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று படித்தார். புரியாத பக்கத்தைத் தாண்ட மாட்டார். ஒரே பக்கத்தில் பதினொரு நாள் நின்றதும் உண்டு. 1976-இல் விர்ச்சுவல் மெமரி உள்ள மிஷின் வந்தபோது, பிரிவின் தலைவர் சடகோபன் அவருக்குச் சின்னச் சின்ன புரோகிராம்கள் கொடுத்துப் பார்த்தார். சடகோபன் ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதிக்காரர். நெற்றியில் ஸ்ரீசூர்ணம் கலையாமல் வந்து, கலையாமல் திரும்பிப் போகிறவர். "பெருமாள் உங்களுக்குப் பொறுமையை அள்ளிக் கொடுத்திருக்கார்மா. எனக்குப் பாதி கொடுத்திருக்கலாம்" என்பார். அதிலிருந்து ரோசரி புரோகிராம்தான் எழுதினார், அவற்றின் கார்டுகளை வஹீதாவோடு வாசித்துச் சரிபார்ப்பது அப்படியே தொடர்ந்தது. சம்பளப் பட்டியலில் மட்டும் பஞ்ச் ஆப்பரேட்டராகவே இருந்தார்.

அந்த விர்ச்சுவல் மெமரி என்பதை வஹீதாவுக்கு அவர் ஒருமுறை இப்படிச் சொன்னார்:

"ஒவ்வொரு புரோகிராமுக்கும் மிஷின் தனியா ஒரு தெரு கொடுக்குது. கதவு நம்பர் ஒண்ணுலேர்ந்து வரிசையா இருக்கும். நெஜத்துல அந்த வீடெல்லாம் எங்கெங்கயோ இருக்கும், சிலது டிஸ்க்லகூட இருக்கும். எது எங்கன்னு மிஷின் ஒரு நோட்டுல குறிச்சு வச்சுக்கும். புரோகிராமுக்கு அந்தக் கவலையே இல்ல. 'அறுபதாம் நம்பர் வீட்டுல இருக்கறதைக் கொடு'ன்னா வந்துடும்."

"தெரு முழுக்க நமக்கேவா?"

"முன்னாடி இருக்கிற கொஞ்சம் வீடு மிஷினோட சொந்த வேலைக்கு. அது முடியற இடத்துலேர்ந்து நம்மளோடது."

"எங்க வீட்டுக்காரர் மாதிரி. முன் ரூம் முழுக்க அவரோட சாமான்" என்றார் வஹீதா.

பைப் கம்பெனியின் முக்கியமான கணக்கு ஒன்று இருந்தது. சூடான நீராவி ஓடும் குழாய் எவ்வளவு நீளும், எங்கே வளையும், எந்த இடத்தில் தாங்கு வைக்க வேண்டும் என்று பார்க்கும் கணக்கு. பழைய மிஷினில் ஒரு ஆலைக்கு ஒன்பது மணி நேரம் ஓடும். கோடை வந்தால் மின்வெட்டு. ஏழாவது மணி நேரத்தில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஒரு சித்திரையில் ஒரே கணக்கை ஆறு தடவை தொடங்கினார்கள்.

ரோசரி ஒரு வழி கண்டார். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, புரோகிராம் தன் தெருவில் வைத்திருக்கும் எல்லாவற்றையும் அப்படியே ஒரு டேப்பில் எழுதிவிடும். கரண்ட் வந்ததும் டேப்பிலிருந்து எல்லாவற்றையும் அதே வரிசையில் தெருவில் எடுத்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். அதற்கு மின்வெட்டு டேப் என்று பெயர் வந்தது. ஏழு கோடைகள் ஒரு பிசகும் இல்லாமல் ஓடியது. பிரிவுக்கு யார் வந்தாலும் சடகோபன் முதலில் காட்டுவது அந்த டேப்பைத்தான்.

1984 ஏப்ரலில் புது மிஷின் வந்தது. ஒன்பது மணி நேரக் கணக்கு நான்கு மணி நேரமாகச் சுருங்கியது. வரைபடப் பிரிவு மேஜைகளில் எட்டுக் கம்ப்யூட்டர் திரைகள் வந்து உட்கார்ந்தன. கூடவே சிஸ்டம்ஸ் புரோகிராமர் என்று ஒரு பதவியும் வந்தது. டிகிரி வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி ரோசரியை நேர்முகத்துக்கு அழைக்க, தலைமை அலுவலகத்தோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினார் சடகோபன். விண்ணப்பத்தில் 'சிறப்புச் சாதனை' என்ற கட்டத்தில் ரோசரி எழுதியது ஒரே ஒரு வரி. மின்வெட்டு டேப். நேர்முகம் ஜூன் பதினைந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை.

மே கடைசியில் அந்த டேப் மக்கர் பண்ணத் தொடங்கியது.

முதல் நாள், கரண்ட் வந்து தொடர்ந்த கணக்கு ஆறு அங்குலக் குழாய் ஒன்று நாற்பது அடி வளையும் என்று அச்சடித்துக் கொடுத்தது. "குழாயா, புடலங்காயா?" என்று வரைபடப் பிரிவிலிருந்து தாள் திரும்பி வந்தது. அடுத்த முறை கணக்கு பாதியில் செத்துவிட்டது. அதற்கடுத்த முறை அருமையாக ஓடியது. பிறகு மறுபடி செத்தது. புது மிஷினை நிறுவ மெட்ராஸிலிருந்து வந்திருந்த என்ஜினீயர் பிலோமின்ராஜ் ஒரு நோட்டில் தேதிவாரியாகக் குறித்து ஒன்றைக் கண்டுபிடித்தார். பகலில் கரண்ட் போனால் டேப் வேலை செய்கிறது. சாயங்காலம் போனால் வேலை செய்வதில்லை.

"வோல்டேஜ்தான் மேடம்" என்றார் பிலோமின்ராஜ். "ஆறு மணிக்கு ஊரே லைட் போடுது. வோல்டேஜ் இறங்குது. டேப்புல எழுதறது கெட்டுப்போகுது. பெரிய ஸ்டெபிலைசர் வாங்கணும்னு ரிப்போர்ட் எழுதறேன்."

"கெட்டுப்போயிருந்தா டேப்பை வாசிக்கறப்பவே மிஷின் சொல்லியிருக்குமே. ஒரு தடவைகூடச் சொல்லலையே."

"அப்ப உங்க புரோகிராம்ல ஏதாவது..."

"சார், அது ஏழு வருஷம் ஓடினது. உங்க மிஷின் வந்து ஏழு வாரம் ஆகலை."

பக்கத்தில் நின்ற சடகோபன் மெதுவாக நழுவி, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூன் ஒன்பது, சனிக்கிழமை. டேப் குற்றமற்றது என்று நிரூபிக்க ஒரே வழிதான் ரோசரிக்குத் தெரிந்திருந்தது. நன்றாகத் தொடர்ந்த ஒரு பகல் ஓட்டம், கெட்டுப்போன ஒரு சாயங்கால ஓட்டம், இரண்டிலும் ஒரே கணக்கு, ஒரே நிலை. டேப்பிலிருந்து எடுத்து வைத்த கணத்தில் தெருவின் எல்லா வீட்டிலும் என்ன இருந்தது என்று இரண்டுக்கும் பிரிண்ட் எடுத்தார். மடிப்பு மடிப்பாக இரண்டு கட்டுத் தாள். முழுக்க எண்களும், மிஷினின் எண்முறைப்படி இடையிடையே ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும். பஞ்ச் ரூம் தரையில் பாய் விரித்து, வஹீதாவை எதிரே உட்காரவைத்தார்.

"இன்னிக்கு அரை நாள் லீவுன்னு நெனச்சேன்" என்றார் வஹீதா.

"வாசிடி."

வஹீதா சாயங்காலத் தாளை வாசித்தார். ரோசரி பகல் தாளில் விரலை ஓட்டி "ம்" சொன்னார். நாலு, சி, எட்டு, சைபர். ம். ஒன்று, எஃப், எஃப், இரண்டு. ம். பதினொன்றரைக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு முடித்தார்கள். ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ரோசரிக்கு முகம் மலர்ந்தது. "பாத்தியா? டேப்புல எழுதினது எழுதினபடி வந்திருக்கு. என் மேல தப்பில்லை. திங்கக்கிழமை அந்த மனுஷன் மூஞ்சில இதை விரிச்சுப் போடறேன்."

வஹீதா தூக்குவாளியிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டே தாளைப் புரட்டினார். "ஏன் ரோசரி, ஓரத்துல ஒரு நம்பர் இருக்கே, அதை நாம வாசிக்கலையே."

"அது எதுக்கு? அது கார்டு நம்பர் மாதிரி. வீட்டோட கதவு நம்பர். உள்ள இருக்கறதைத்தான் சரிபாக்கணும்."

பஞ்ச் ரூமில் கார்டின் வரிசை எண்ணை யாரும் வாசிப்பதில்லை. பன்னிரண்டு வருஷப் பழக்கம்.

"இல்ல, சும்மா கேட்டேன். எனக்கு ஏழுல ஆரம்பிக்குது. உனக்கு?"

ரோசரி தன் தாளின் இடது ஓரத்தில் இருந்த நீளமான நம்பர்களின் முதல் இலக்கத்தைப் பார்த்தார். ஒன்பது. அடுத்த வரியும் ஒன்பது. அடுத்ததும் ஒன்பது. வஹீதாவின் தாளை வாங்கிப் பார்த்தார். ஏழு, ஏழு, ஏழு.

இரண்டு கட்டிலும் ஒரு பக்கத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புரோகிராம் தன் தெருவில், எந்தக் குழாயின் விவரம் எந்தக் கதவு நம்பரில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. டேப் அந்தப் பட்டியலையும் சேர்த்தே எழுதியது. பகலில் தெரு ஒன்பதில் தொடங்கியது, பட்டியலிலும் ஒன்பது. சாயங்காலம் தெரு ஏழில் தொடங்குகிறது, பட்டியலில் இன்னும் ஒன்பது. குடும்பமே சாமான்களோடு வேறு கதவு நம்பருக்கு மாறிவிட்டது, கடிதமெல்லாம் பழைய நம்பருக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஒன்பதில் இப்போது எந்தக் குழாயின் எந்த அளவு உட்கார்ந்திருக்கிறதோ, அதை எடுத்துக் கணக்குப் போட்டால் நாற்பது அடி வளையாமல் என்ன செய்யும்?

"எல்லாம் அப்படியே வந்திருக்கே, அதான்டி தப்பு" என்றார். "பட்டியல் மாறியிருக்கணும். மாறலை. பழைய மிஷின்ல நம்ம தெரு எப்பவும் ஆறுலதான் ஆரம்பிக்கும். அது மாறும்னே நான் நெனச்சுப் பாக்கலை."

"அப்ப யார் மேல தப்பு?"

"என் மேலதான்."

ஆனால் தெரு ஏன் சாயங்காலம் மட்டும் நகர்கிறது? அதற்கு விடை அன்று பிற்பகல் டியூட்டிக்கு வந்த ஆப்பரேட்டர் பிச்சமுத்துவிடம் இருந்தது.

"பிச்சமுத்து, சாயங்காலம் கரண்ட் வந்ததும் மிஷினை எப்படி ஸ்டார்ட் பண்றீங்க?"

"எப்பவும் போலத்தாங்க்கா."

"காலைல மாதிரியேவா?"

பிச்சமுத்து தலையைச் சொறிந்தார். "அது வந்துங்க்கா... காலைல அந்த எட்டு ஸ்கிரீனையும் சேத்துத்தான் எழுப்பணும். அதுக்கே இருபத்தஞ்சு நிமிஷம். சாயங்காலம் வரைபடத்துக்காரங்க எல்லாம் போயிடுறாங்க. யாருக்கு ஸ்கிரீன்? அதான் அதை விட்டுட்டு எழுப்பிடுவேன். எட்டேகால் முசிறி பஸ்ஸை விட்டா அப்புறம் ஒம்பதரைக்குத்தான்."

ரோசரி சிரிக்கத் தொடங்கினார். எட்டுத் திரைகளையும் கவனிக்க மிஷினுக்குத் தெருவின் முன்பக்கம் கூடுதல் வீடுகள் வேண்டும். திரை இல்லையென்றால் அவற்றை விட்டுவிடும். புரோகிராம் ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கிவிடும். வோல்டேஜும் இல்லை, ஒன்றும் இல்லை. முசிறி பஸ்.

"தப்பாக்கா?" என்றார் பிச்சமுத்து, முகம் வாடி.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பஸ்ஸைப் பிடிங்க."

ஞாயிறு பூசை முடிந்து திரும்பும் வழியில் கணவர் தைரியராஜிடம் சொன்னார். தைரியராஜ் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். எதையும் இரண்டு பத்தியாகப் பிரித்துப் பார்க்கிறவர்.

"சரி, சொன்னா என்ன ஆகும்?"

"இன்டர்வியூ போச்சு. விண்ணப்பத்துல இருக்கறதே அந்த டேப் ஒண்ணுதான். அதுல ஏழு வருஷமா ஓட்டை இருந்துச்சுன்னு நானே எப்படிங்க சொல்றது?"

"சொல்லலைன்னா?"

"நாளைக்குக் காலைல நைசா ஒரு பத்து வரி மாத்திடுவேன். யாருக்கும் தெரியாது. அவங்க ஸ்டெபிலைசர் வாங்குவாங்க. அன்னியிலேர்ந்து எல்லாம் சரியா ஓடும். எல்லாருமா சேந்து அந்த ஸ்டெபிலைசருக்கு மாலை போடுவாங்க."

தைரியராஜ் சிரித்தார். பிறகு, "அந்த மெட்ராஸ் பையன் பாவம், ரிப்போர்ட் எழுதிட்டிருக்கானே" என்றார்.

"அதைத்தாங்க நானும் நெனச்சேன்" என்றார் ரோசரி.

திங்கட்கிழமை காலை பிலோமின்ராஜ் ரிப்போர்ட்டின் நாலாவது பக்கத்தில் இருந்தார். ரோசரி அவர் மேஜையில் இரண்டு கட்டுத் தாளையும் வைத்தார். "சார், இதுக்கு மேல எழுதாதீங்க. வோல்டேஜ் இல்ல. என் டேப்தான்." ஓரத்து எண்களைக் காட்டினார்.

பிலோமின்ராஜ் இரண்டு ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். "மேடம், நானும்தான் இதைப் பத்து நாளாப் பாத்திட்டிருக்கேன். ஓரத்தைப் பாக்கவேயில்லையே!" பிறகு எழுதிய நாலு பக்கத்தையும் நாலாகக் கிழித்தார். ஏழு வாரமாக ஜங்ஷன் லாட்ஜில் மூட்டைப்பூச்சியோடு இருந்தவர் அவர். கிழிக்கும்போது ரொம்ப சந்தோஷமாகத் தெரிந்தார்.

சடகோபன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. இன்னிக்கு வந்து இதைச் சொல்றேளேம்மா."

"இன்னிக்குத்தான் சார் ஆபீஸ் தெறந்திருக்கு."

"சரி செய்ய எத்தனை நாள்?"

"எழுதறது ஒரு நாள். கதவு நம்பரைப் பட்டியல்ல வைக்கறதுக்குப் பதிலா, தெரு தொடங்கற இடத்துலேர்ந்து எத்தனாவது வீடுன்னு வச்சுடறேன். தெரு எங்க போனாலும் மூணாவது வீடு மூணாவது வீடுதானே. சோதிக்கறதுக்கு மட்டும் சாயங்காலம் ஒரு தடவை கரண்ட் போகணும்."

"அதுக்கென்ன, தினம்தான் போறதே."

செவ்வாய் பிற்பகல் புது டேப் தயார். ஐந்தரையிலிருந்து எல்லோரும் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கரண்ட் போகவில்லை. புதன் சாயங்காலமும் போகவில்லை. மேட்டூரில் நல்ல மழை, மின்சாரத்துக்குக் குறையில்லை என்று பேப்பரில் போட்டிருந்தது. "ஏழு வருஷமா திட்டினேன், ஒரு நாள் வேணும்னு கேட்டா வரமாட்டேங்குதே" என்றார் ரோசரி. வியாழக்கிழமையும் விளக்கு அசையாமல் எரிந்தது. ஆறு மணிக்கு ரோசரி சடகோபன் அறைக்குப் போனார்.

"சார், மெயினை நாமே ஆஃப் பண்ணிடலாம்."

"என்னது?"

"கணக்கு மூணு மணி நேரமா ஓடிட்டிருக்கு. இப்ப விட்டா நாளைக்கு நான் என்ன சொல்றது? சரி பண்ணிட்டேன்னா, பண்ணியிருப்பேன்னா?"

சடகோபன் மின்பிரிவுக்குப் போன் போட்டார். மறுமுனையில் இருந்தவருக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஆமாம், கம்ப்யூட்டர் ரூமுக்குத்தான். ஆமாம், நன்னா இருக்கு, அதான் நிறுத்தச் சொல்றேன். இல்லை, எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை.

ஆறு பதினைந்துக்கு மெயின் அணைந்தது. ஏர்கண்டிஷனர் ஓய்ந்து, டேப் சக்கரங்கள் நின்று, அந்த அறையில் ஆட்கள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. பத்து நிமிஷம் கழித்து மறுபடி போட்டார்கள். பிச்சமுத்து மிஷின் அருகே போய்த் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, ஸ்கிரீனோடவா, இல்லாமலா?"

"நீங்க எப்பவும் பண்றபடியே பண்ணுங்க. பஸ்ஸுக்குப் போகணும்ல?"

ஏழில் தொடங்கியது தெரு. டேப் சுற்றியது. ஏழே முக்காலுக்கு அச்சு இயந்திரம் கடகடவென்று விழித்துக்கொண்டது. முதல் தாளை யாரும் தொடவில்லை, ரோசரி எடுக்கட்டும் என்று நின்றார்கள். மின்வெட்டே இல்லாமல் முழுக்க ஓடிய பழைய கணக்கின் தாளை வஹீதா கையில் வைத்திருந்தார். வீட்டுக்குப் போகாமல் அதற்காகவே நின்றவர்.

"வாசிக்கட்டுமா?"

"வாசி. ஓரத்துல இருக்கிற தாங்கு நம்பரையும் சேத்து."

வாசித்தார். ம். ம். ம். நானூற்றுப் பன்னிரண்டு தாங்குகள், ஒன்றுகூட மாறவில்லை. ஆறு அங்குலக் குழாய் முக்கால் அங்குலம் நீண்டு, அதோடு நிறுத்திக்கொண்டது. பிலோமின்ராஜ் கை தட்டினார். பிச்சமுத்து தட்ட நேரமில்லாமல் வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் நேர்முகத்தில் மூன்று பேர். பம்பாயிலிருந்து வந்திருந்தவர் விண்ணப்பத்தைப் பார்த்து, சிறப்புச் சாதனை பற்றிச் சொல்லச் சொன்னார். ரோசரி, டேப் எப்படி எழுதப்பட்டது என்று இரண்டு நிமிஷமும், அது எப்படித் தப்பு என்று இருபது நிமிஷமும் சொன்னார். தாள் போதாமல் எழுந்து போய்க் கரும்பலகையில் தெருவை வரைந்தார். பம்பாய்க்காரரும் எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி ஒரு கேள்வி கேட்டார். ரோசரி வாங்கிப் பதில் வரைந்தார். மற்ற இருவரும் சாப்பாட்டு நேரம் தாண்டுவதைக் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பம்பாய்க்காரர் கையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டே, "இந்தத் தப்பை நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காதே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "தெரிந்திருக்காது" என்றார் ரோசரி.

ஆகஸ்ட் முதல் தேதி அவர் சிஸ்டம்ஸ் புரோகிராமராகப் பொறுப்பேற்றார். முதல் வேலையாக, பிரிவில் ஓடிக்கொண்டிருந்த எல்லாப் புரோகிராம்களையும் எடுத்து, வேறு எதிலாவது கதவு நம்பரை நேரடியாக எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடினார். ஒரு நாளைக்கு இரண்டு புரோகிராம். புரியாததைத் தாண்டவில்லை. மூன்றாவது வாரம் சடகோபன் அறைக் கதவைத் தட்டினார், கையில் ஒரு கட்டுத் தாளோடு.

"சார், 1977-இல எழுதினது ஒண்ணு கெடச்சிருக்கு. ஸ்டோர்ஸ் கணக்கு. நாலு எடத்துல அதே தப்பு."

"ராமா! யார் எழுதினது?"

ரோசரி தாளை அவர் பக்கம் திருப்பி, தலைப்பு வரியில் விரலை வைத்தார். சடகோபன் குனிந்து பார்த்தார். தன் பெயரை இரண்டு தடவை வாசித்தார்.

"உட்காருங்கோம்மா" என்றார். "ஓரத்திலேர்ந்து ஆரம்பிக்கலாம்."